முத்துக்குளிக்க எந்த ஊர் கடல் நல்ல கடல்?

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி. சாப்பிட்டு முடிச்சு வாசல்ல காத்தாட உட்கார்ந்திருந்தேன். பெங்களூர்லேர்ந்து தங்கச்சி மகன் போன்.

"மாமா, ஸ்கூபா டைவிங் சர்டிஃபிகேட் வாங்கலாம்னு இருக்கேன். அந்தமான் போய் ஒரே மூச்சுல முடிச்சிடட்டுமா, இல்ல இங்கயே பக்கத்துல எங்கயாவது கத்துக்கட்டுமா? நீங்கதான் ரெண்டையும் பார்த்தவராச்சே?"

பார்த்தவன்தான். ஒரு இடத்துல காது போச்சு, இன்னொரு இடத்துல சர்டிஃபிகேட் கிடைச்சுது. இதைப் போன்ல ரெண்டு வார்த்தையில சொல்ல முடியாது, எழுதறேன் படிச்சுக்கோன்னு சொல்லிட்டேன். "கேட்டது ஒரு கேள்வி, இவர் கொற்கைப் பாண்டியன்லேர்ந்து ஆரம்பிப்பார்"னு உள்ளேயிருந்து தங்கமணி குரல். சரியாத்தான் சொன்னாங்க. அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு கொசுவத்தி. ஸ்ரீரங்கத்துல பொறந்த பசங்களுக்குத் தண்ணின்னா காவிரி, வம்புன்னா கொள்ளிடம். அம்மா மண்டபம் படித்துறையில, திதி கொடுக்க வர்றவங்க, ஆடிப்பெருக்குக்கு வர்றவங்க எல்லாரும் ஆத்துல காசு போடுவாங்க. நாங்க முங்கி எடுப்போம். யார் அதிக நேரம் மூச்சை அடக்கிக்கிட்டு உள்ளே இருக்கான்னு போட்டி. கலங்கல் தண்ணி, கண்ணைத் திறந்தாலும் ஒண்ணும் தெரியாது, கையால தடவித்தான் காசு எடுக்கணும். அந்த முங்குநீச்சல் பெருமைதான் பின்னாடி என்னைக் கவுத்துச்சு. அது அப்புறம்.

வைகுண்ட ஏகாதசி சமயத்துல பெரிய பெருமாளுக்கு முத்தங்கி சேவை உண்டுன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். மூலவர் மேனி முழுக்க முத்து. வரிசையில நகர்ந்து நகர்ந்து கிட்டப் போய், ரெண்டு நிமிஷம் கூட நிக்க விடாம அனுப்பிடுவாங்க. ஒரு வருஷம் அப்படி வெளியே வரும்போதுதான் தோணிச்சு: இத்தனை முத்தையும் ஒவ்வொண்ணா கடலுக்குள்ள போய் யாரோ எடுத்திருக்கணுமே? அவங்க எங்கே கத்துக்கிட்டாங்க? யார் சொல்லிக் கொடுத்தது?

கொற்கைக்கு வருவோம். இன்னிக்குத் தூத்துக்குடி மாவட்டத்துல, கடல் பின்வாங்கிப் போய் உள்நாட்டுல இருக்கற சின்ன கிராமம். கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மாலுமி ஒருத்தர் எழுதின 'பெரிப்ளஸ்'ங்கற கடல்வழிக் குறிப்புல இந்த ஊர் பேர் வருது. அங்கே முத்தெடுக்கறவங்க தண்டனை பெற்ற குற்றவாளிகள்னு அதுல இருக்கு. அதாவது, முதன்முதலா எழுத்துல வர்ற நம்ம ஊர் டைவர்ஸ் யாரும் ஆசைப்பட்டுக் கடல்ல இறங்கினவங்க இல்ல.

பதிமூணாம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ வர்றார். அவர் சொல்ற காட்சி வேற மாதிரி. வியாபாரிங்க கூட்டு சேர்ந்து, தோணி பிடிச்சு, ஏப்ரல்லேர்ந்து மே நடுவரைக்கும் ஆளுங்களைக் கூலிக்கு அமர்த்துவாங்களாம். எடுத்ததுல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதுல ஒரு பங்கு யாருக்கு தெரியுமா? சுறா மீனை மந்திரம் போட்டுக் கட்டறவங்களுக்கு! பகல்ல மட்டும் கட்டு. ராத்திரியானா மந்திரத்தை அவிழ்த்து விட்டுடுவாங்க, யாரும் திருட்டுத்தனமா இறங்கக்கூடாதுன்னு. என்ன ஒரு செக்யூரிட்டி சிஸ்டம் பாருங்க :-)

சிரிக்கறோம், ஆனா இந்தக் 'கடல்கட்டி'ங்களை இங்கிலீஷ்காரன் காலம் வரைக்கும் யாராலும் ஒதுக்க முடியல. அவங்க கரையில உட்கார்ந்து மந்திரிக்கலைன்னா குளியாள் ஒருத்தனும் தோணியில ஏற மாட்டான். இப்ப ஸ்கூபா கிளப்புல முதல் நாள் ஒரு மருத்துவப் படிவமும், 'எனக்கு எது நடந்தாலும் நானே பொறுப்பு'ன்னு இன்னொரு படிவமும் நீட்டுவாங்க. எனக்கு அதைப் பார்த்ததும் கடல்கட்டி ஞாபகம்தான் வந்துச்சு. இறங்கறவனுக்கு ஒரு தைரியம், இறக்கறவனுக்கு ஒரு பாதுகாப்பு.

நடுவுல போர்த்துகீசியர், பரதவர்கள் 1530களில் கூட்டம் கூட்டமா மதம் மாறினது, 1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சதுன்னு பெரிய கதை இருக்கு. அதைத் தனியா எழுதணும். இங்கே நமக்கு வேண்டியது தொழில் நடந்த முறை.

முத்துச் சிப்பி கடலுக்கடியில பாறைத் திட்டுங்கள்ல வளரும். அதுக்குப் பேர் 'பார்'. தூத்துக்குடிக்கு எதிர்க்க இருக்கற தொலையிரம் பார் ரொம்பப் பிரசித்தம். ஆழம் பெரும்பாலும் ஐந்துலேர்ந்து ஒன்பது பாகம். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், கிட்டத்தட்ட ஆறடி. நடு ராத்திரி கரைக்காத்துல பாய் விரிச்சுக் கிளம்பி, விடியும்போது பாருக்குப் போய்ச் சேர்ந்து, மத்தியானம் வரைக்கும் முங்கி, கடல்காத்துல திரும்பி வரணும். ஒரு கல்லுக்கு ரெண்டு குளியாள். ஒருத்தன் காலைக் கயிற்று வளையத்துல மாட்டிக்கிட்டு கல்லோட கனத்துல சர்ருனு இறங்குவான். ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனா ஒன்றரை நிமிஷம். கைக்குக் கிடைச்ச சிப்பியைப் பையில வாரிப் போட்டுக் கயிறை இழுத்தா மேலே இருக்கறவன் தூக்கிடணும். அவன் மூச்சு வாங்கற நேரத்துல அடுத்தவன் இறங்குவான்.

மேலே கயிறு பிடிக்கறவன் யாருங்கறதுதான் முக்கியம். மச்சான்தான் பிடிக்கணும்னு நம்ம பக்கம் ஒரு சொல்வழக்கு உண்டு. அண்ணன் தம்பி பிடிச்சா சொத்துப் பிரிவினை ஞாபகம் வரலாம். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்னா, அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது கயிறை விட மாட்டான். ஸ்கூபாவுல 'படி'ன்னு ஒரு முறை இருக்கு. படிப்பு இல்லீங்க, ஜோடி ஆள். தனியா யாரும் இறங்கக்கூடாது. ஒருத்தர் காத்து தீர்ந்தா இன்னொருத்தர் கொடுக்கணும். வெள்ளைக்காரன் புத்தகத்துல எழுதினதை நம்மாளு மச்சான்ங்கற ஒரே வார்த்தையில முடிச்சுட்டான்.

சரி, உள்ளூரா வெளியூராங்கற மருமகன் கேள்விக்கு வர்றேன். முத்துக்குளிக்கறவங்களுக்கு இது ரெண்டும் இருந்துச்சு. கத்துக்கறது வீட்டு வாசல்ல. தூத்துக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம், தினமும் பார்க்கற கடல்ல. ஆனா பெரிய சலாபம் நடந்தது இலங்கைக் கரையில, மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில. (முத்தெடுக்கற சீசனுக்குத்தான் சலாபம்னு பேரு.) வருஷம் பூரா பொட்டல் மணல். சலாபம் அறிவிச்சதும் ஓலைக் கொட்டகையாலேயே ஒரு ஊர் முளைச்சிடும். கடைவீதி, போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாம் வந்துடும். ரெண்டு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா மறுபடியும் மணல். நம்ம பக்கத்துக் குளியாட்கள் மட்டுமில்ல, பாரசீக வளைகுடாவுலேர்ந்து அரபிகளும் வந்து குவிஞ்சாங்க.

1905ல அங்கே நடந்தது ரொம்பப் பெரிய சலாபம். எடுத்த சிப்பி சுமார் எட்டு கோடி, அரசாங்கத்துக்கு வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். அடுத்த வருஷம், 1906ல, அந்த முகாம்ல வேலை பார்த்த இளம் அதிகாரிதான் லியனார்ட் வுல்ஃப். பின்னாடி எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர். கரைக்கு வர்ற ஒவ்வொரு தோணியும் சிப்பியை மூணு குவியலாப் பிரிச்சு வைக்கணும். ரெண்டு குவியல் சர்க்காருக்கு, ஒண்ணுதான் முங்கினவனுக்கு. உசிரைக் கொடுத்து எடுத்தவனுக்கு மூணுல ஒண்ணு! அந்த ஒரு குவியல்லயும் முத்து இருக்குமா இருக்காதான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்.

அரபிகளுக்கும் நம்மாளுங்களுக்கும் ஒரு வித்தியாசம். அவங்க மூக்குல கவ்வி மாட்டிக்கிட்டு இறங்குவாங்க. பதினாலாம் நூற்றாண்டுலயே இபின் பதூதா, ஆமையோட்டுல செஞ்ச மூக்குக் கவ்வி பத்தி எழுதியிருக்கார். நம்மாளு கையாலயே மூக்கைப் பொத்திக்குவான். ஒரு கை வீணாப் போச்சேன்னு தோணும். எனக்கு இப்ப அப்படித் தோணல. ஏன்னா மூக்கைப் பொத்தி மெதுவா ஊதறதுதான் காதைக் காப்பாத்தற வழி. கடல்ல பத்து மீட்டர் இறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு. செவிப்பறைக்கு வெளியே தண்ணி தள்ளும், உள்ளே இருக்கற காத்து சுருங்கும். மூக்கைப் பொத்தி ஊதினா தொண்டை வழியா உள்ளே காத்து போய் சரியாகும். இதுக்கு வால்சால்வா முறைன்னு பேரு, 1700கள்ல இதைப் பத்தி எழுதின இத்தாலிய மருத்துவர் பேர்ல. அவர் எழுதறதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே கல்லோட இறங்கின குளியாளுக்கு இது கைவந்திருக்கணும்ங்கறது என் ஊகம். இல்லாட்டி ஒன்பது பாகம் அத்தனை வேகத்துல இறங்கிட்டு, காதோட திரும்பி வர முடியாது.

இனி என் காது கதை.

2014ல குடும்பத்தோட அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவு (2018லேர்ந்து சுவராஜ் த்வீப். போர்ட் பிளேயரும் 2024ல ஸ்ரீ விஜயபுரம் ஆயிடுச்சு). தண்ணின்னா அதுதான் தண்ணி, கண்ணாடி மாதிரி. நாலு நாள்ல ஓப்பன் வாட்டர் கோர்ஸ். காவிரியில முங்கினவனுக்கு இது என்ன பெரிய விஷயம்னு பேர் கொடுத்துட்டேன். ரெண்டாம் நாளே சளி பிடிச்சுக்கிச்சு. படிவத்துல சளி இருக்கான்னு கேட்டதுக்கு இல்லைன்னு டிக் பண்ணினது நான்தான், அதை மறைக்க விரும்பல. மாத்திரை ஒண்ணைப் போட்டுக்கிட்டு இறங்கினேன். நாளன்னிக்கு ஃப்ளைட். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் இடைவெளி விடணும், இல்லாட்டி உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மேலே போகப் போகக் குமிழி விட்டுப் படுத்திடும். அதனால எல்லாமே கடிகாரம் வச்சு ஓடுது. சொல்லிக் கொடுக்கறவருக்கு எங்க குழு முடிஞ்சதும் அடுத்த குழு படகுக்குக் காத்திருக்கு. அவரும் பாவம், என்ன பண்ணுவார்?

நாலு மீட்டர் இருக்கும். வலது காதுல ஊசி ஏத்தின மாதிரி வலி. மேலே ஏறி, சரி பண்ணிட்டு இறங்கணும். பாடத்துல முதல் பக்கத்துலயே இருக்கு. எனக்குள்ள இருந்த அம்மா மண்டபத்துப் பையன் விடல. மூக்கைப் பொத்தி முழு பலத்தோட ஊதினேன். டப்புனு ஒரு சத்தம். காதுக்குள்ள ஜில்லுனு தண்ணி போன அந்த நிமிஷம், கடல் அப்படியே தலைகீழாச் சுத்துச்சு. எது மேலே எது கீழேன்னு தெரியல. அவர் மட்டும் சட்டுனு என் தோளைப் பிடிச்சு மெதுவா மேலே கொண்டு வரலைன்னா இந்தப் பதிவை வேற யாராவதுதான் எழுதியிருக்கணும்.

செவிப்பறையில ஓட்டை. தில்லைநகர்ல பார்த்த டாக்டர், தானா மூடிக்கும், ஆனா தண்ணி பக்கமே போகக்கூடாதுன்னுட்டார். மூடிக்கிச்சு. ஆனா வலது காதுல மெல்லிசான சத்தம் இன்னிக்கும் கொஞ்சம் குறைச்சல்தான். கூப்பிட்டா கேக்கலைன்னு சொல்ல ஒரு காரணம் கிடைச்சிடுச்சு உங்களுக்குன்னு தங்கமணி சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, ஆனா அந்த ஃப்ளைட்ல மூணு மணி நேரம் என் கையை விடாம அழுதது அவங்கதான்.

அதுக்கப்புறம்தான் இந்த சரித்திரத்தை எல்லாம் தேடித்தேடிப் படிச்சேன். அதுல எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் ஒண்ணு. தண்ணிக்கடியில சுவாசிக்கற கருவியை, கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து பிரான்ஸ்ல 1943ல உருவாக்கினாங்க. அது நம்ம கடலுக்கு எப்ப வந்துச்சு? சுற்றுலாவுக்கா வந்துச்சு? இல்ல. 1928க்கு அப்புறம் பல வருஷம் வறண்டு கிடந்த தூத்துக்குடிப் பார்ல 1955லேர்ந்து மறுபடி சலாபம் நடந்துச்சு. அந்தச் சமயத்துல ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு சார்பா பாஸ்கியேரி சல்வதோரிங்கற இத்தாலிய நிபுணர் வந்து, மன்னார் வளைகுடா முத்து, சங்குப் படுகைகளைப் பத்தி 1960ல நம்ம அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். நம்ம மீன்வள விஞ்ஞானிகளும் முதுகுல சிலிண்டர் மாட்டிக்கிட்டு இறங்கி, பாரை நேர்ல பார்த்து எழுத ஆரம்பிச்சாங்க. ரெண்டாயிரம் வருஷமா மேலேர்ந்து கயிறு விட்டும், குளியாள் சொல்றதைக் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டிருந்த இடத்தைப் படிச்சவன் முதன்முதலா நின்னு நிதானமாப் பார்க்கறான். 1961ல சலாபம் நின்னு போச்சு. அதோட சரி. கருவி வந்துச்சு, முத்து போயிடுச்சு. 1973ல தூத்துக்குடியிலயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினாங்க. அதுக்குக் குளியாள் தேவையில்ல.

குளியாட்கள் என்ன ஆனாங்க? சங்கு எடுக்கப் போனாங்க. தூத்துக்குடியில தோணியில கம்ப்ரஸர் வச்சு, நீளக் குழாய் வழியா காத்து இழுத்துக்கிட்டு முங்கறாங்க. அவங்களுக்கு யார் சர்டிஃபிகேட் கொடுத்தா? எத்தனை ஆழத்துல எத்தனை நிமிஷம், எப்படி நிதானமா ஏறணும்ங்கற கணக்கை ஹால்டேன்ங்கறவர் 1908லயே அட்டவணை போட்டு வெளியிட்டார். இன்னிக்கு என்னை மாதிரி பொழுதுபோக்குக்காரன் கையில கட்டற டைவ் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கோட வாரிசு. தினம் முங்கிப் பொழைக்கறவனுக்கு அது போய்ச் சேரல. எனக்கு இது இன்னிக்கும் ஜீரணமாகாத விஷயம்.

2016ல மறுபடி ஆசை வந்துச்சு. டாக்டர் சரின்னு எழுதிக் கொடுத்தார். தங்கமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க: "என் தம்பியும் கூட வருவான்." ஆக, மச்சான்தான் ஜோடி ஆள் :-) கயிறு இல்லையே தவிர மத்ததெல்லாம் அதே ஏற்பாடு.

பாடத்தை ஸ்ரீரங்கத்துல வீட்லயே படிச்சோம். பிப்ரவரி, மார்ச்ல நாலு வாரக் கடைசி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்லயே ரயிலேறி, விழுப்புரத்துல இறங்கி, பஸ் பிடிச்சு பாண்டிச்சேரி. (வடகிழக்குப் பருவமழைக் கலங்கல் தெளிஞ்சு, தென்மேற்குக் காத்து கிளம்பறதுக்கு முன்னாடி கிடைக்கற அமைதி. சலாபமும் கிட்டத்தட்ட இந்த மாசங்கள்லதான் நடக்கும்.) முதல்ல நீச்சல் குளம். அங்கேதான் என் காவிரிப் பெருமை கழண்டுச்சு. ஸ்கூபாவுல முதல் விதி, மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர்ல சிலிண்டர் காத்தை நெஞ்சு நிறைய இழுத்து, அப்படியே அடக்கிக்கிட்டு மேலே வந்தா, அந்தக் காத்து ரெண்டு மடங்கா விரியும். நுரையீரல் கிழிஞ்சு போகும். முத்துக்குளிக்கறவனுக்கு எது திறமையோ அதுவே இங்கே எமன். நான் பதட்டமானா என்னையறியாம மூச்சை அடக்கறேன்னு சொல்லிக் கொடுக்கறவர் ரெண்டாவது நாள் கண்டுபிடிச்சார். அந்த ஒரு பழக்கத்தை மறக்க எனக்கு ரெண்டு வாரக் கடைசி ஆச்சு. அந்தமான்ல அந்த ரெண்டு வாரம் எனக்கு எங்கேயிருந்து கிடைக்கும்?

மூணாவது வாரம் சளி. போன் பண்ணிச் சொன்னேன். "அடுத்த வாரம் வாங்க சார்" அவ்வளவுதான். டிக்கெட் காசு நூறு ரூபாயோ என்னவோ போச்சு.

கடல்? அந்தமானைப் பார்த்த கண்ணுக்கு அது கடலே இல்ல. சில நாள் அஞ்சு மீட்டருக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. பச்சைக் கலங்கல். மச்சான் துடுப்பு தெரியற தூரத்துலயே இருக்கணும். ஆனா எனக்கு அது புதுசா இல்ல, அம்மா மண்டபத்துத் தண்ணி மாதிரியே இருந்துச்சு. கோவாவுல இருக்கற தேசிய கடலியல் நிறுவனத்துக்காரங்க 1980களின் தொடக்கத்துலேர்ந்து பூம்புகார் பக்கம் முங்கித் தேடினாங்களே, 1991ல கரையிலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்துல லாட வடிவத்துல ஒரு அமைப்பைப் பார்த்தாங்களே, அவங்களும் இந்தச் சோழமண்டலக் கலங்கல்லதான் தடவித் தடவிப் பார்த்திருப்பாங்க. காவிரி மண்ணுதானே அதுவும்.

கடைசி டைவ்ல பதினெட்டு மீட்டர். ஓப்பன் வாட்டர் சர்டிஃபிகேட்டுக்கு அதுதான் எல்லை. மேலே வந்தப்புறம் கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட பத்து பாகம். குளியாள் கல்லைக் கட்டிக்கிட்டுப் போன ஆழத்தை நான் இத்தனை மெஷினோட போய்த் தொட்டிருக்கேன். நாப்பது நிமிஷம் உள்ளே இருந்தேன், நிதானமா மூச்சு விட்டுக்கிட்டு. அவனுக்குக் கிடைச்சது ஒரு நிமிஷம்.

அந்தமான் மோசம்னு நான் சொல்லல. அப்புறம் ஒரு தடவை போய் அதே ஹேவ்லாக்ல மச்சானோட முங்கினேன். ஆமை பார்த்தோம், பவளப்பாறை பார்த்தோம், சொர்க்கம். கத்துக்கிட்டுப் போனதால கண்ணு வெளியே பார்த்துச்சு. முதல் தடவை போனப்ப காதையும் கடிகாரத்தையும்தான் பார்த்தேன்.

இதை எழுதி முடிக்கறதுக்குள்ள மருமகன் மறுபடி போன். "மாமா, ஆஃபர் வந்துச்சு, அந்தமானுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"ரிடர்னுமா?"

"ஆமா. மூணு நாள் கோர்ஸ், அஞ்சாவது நாள் காலைல ஃப்ளைட்."

பாடமும் குளத்துப் பயிற்சியும் பெங்களூர்லயே முடிச்சு எழுதி வாங்கிக்கோ, அது ஒரு வருஷம் செல்லும், அங்கே போய் கடல்ல இறங்கற நாலு டைவை மட்டும் வச்சுக்கோன்னு சொன்னேன். சரின்னான். சளி பிடிச்சா இறங்க மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணச் சொன்னேன். சிரிச்சான், ஆனா பண்ணினான்.

"கூட யாருடா வர்றா?"

"ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் மாமா."

"உன் பொண்டாட்டியோட அண்ணன் சேலத்துல சும்மாதானே இருக்கான், அவனுக்கு நீச்சல் தெரியுமில்ல?"

கேட்டுப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கான்.